மருந்தடிப்பவருக்குக் கையுறை, பூட்ஸ் வாங்கிக் கொடுத்தும் போடமாட்டேன் என்கிறார். என்ன செய்வது?

கரிசல்காடு:

எல்லோருக்கும் வணக்கம். பெரம்பலூர் பக்கம் எனக்கு நாலு ஏக்கர் மானாவாரிக் காடு. இரண்டரை ஏக்கர் பருத்தி, மிச்சம் மக்காச்சோளம். பத்து வருடமாக எங்கள் காட்டுக்கு மருந்தடிப்பவர் ஒரே ஆள்தான், ஊரில் எனக்கு அண்ணன் முறை. போன வாரம் பருத்திக்கு அடித்துக்கொண்டிருந்தவர் எட்டாவது டேங்கை இறக்கி வைத்துவிட்டு வரப்பில் உட்கார்ந்தார். தலை சுற்றுகிறது என்றார், வாந்தி எடுத்தார். வெயில்தான் என்று நினைத்தோம். வேப்பமரத்தடியில் படுக்க வைத்து மோர் கொடுத்தோம். ஒரு மணி நேரத்தில் வாயோரம் எச்சில் ஒழுக ஆரம்பித்தது, தொடைச் சதை தானாகத் துடித்தது. அப்புறம்தான் பயந்துபோய் வண்டியில் ஏற்றி அரசு மருத்துவமனைக்குக் கொண்டு போனோம். ஐந்து நாள் வைத்திருந்து அனுப்பினார்கள். பிழைத்துக்கொண்டார். ஆனால் அந்த ஒரு மணி நேரத்தை நினைத்தால் எனக்கு இன்னும் தூக்கம் வரவில்லை.

நேற்று டவுனுக்குப் போய் ரப்பர் கையுறை, கண்ணாடி, முழங்கால் வரை வரும் பூட்ஸ், முகமூடி, ஒரு ரெயின்கோட் எல்லாம் வாங்கி வந்தேன். ஆயிரத்து நானூறு ரூபாய் ஆனது. அவரிடம் கொண்டு போய்க் கொடுத்தால் சிரித்துக்கொண்டே திண்ணையில் வைத்துவிட்டார். "இதெல்லாம் போட்டுக்கிட்டு வேலைக்கு ஆகாது தம்பி" என்கிறார். எவ்வளவு சொல்லியும் கேட்கவில்லை. அடுத்த வாரம் மறுபடி அடிக்க வேண்டும். எப்படி இவரைச் சம்மதிக்க வைப்பது? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

கடைத்தெரு:

பதினெட்டு வருடமாக உரக்கடை வைத்திருக்கிறேன். உங்கள் அண்ணன் மட்டுமல்ல, நூற்றுக்குத் தொண்ணூறு பேர் அப்படித்தான். கையுறை இருக்கிறது என்று சொன்னால் "அந்தக் காசுக்கு இன்னொரு டப்பா கொடுங்க" என்பார்கள். சில கம்பெனி மருந்துப் பெட்டிக்குள்ளேயே ஒரு ஜோடி கையுறையும் முகமூடியும் வைத்து அனுப்புகிறார்கள். கடை வாசலிலேயே உதறிப் போட்டுவிட்டுப் போவதை நான் பார்த்திருக்கிறேன்.

என்ன மருந்து அடித்தீர்கள்? டப்பாவில் முக்கோணம் என்ன நிறம்? சிவப்பு என்றால் மிகக் கொடிய நஞ்சு, அடுத்தது மஞ்சள், அப்புறம் நீலம், கடைசி பச்சை. எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் புரிய வேண்டும் என்றுதான் நிறம் போட்டிருக்கிறார்கள்.

கரிசல்காடு:

மஞ்சள் முக்கோணம் ஐயா. புரோபனோபாஸும் சைபர்மெத்ரினும் சேர்ந்து வருவது. அதோடு அசிபேட் பவுடரும் கலந்தோம். தத்துப்பூச்சியும் காய்ப்புழுவும் ஒன்றாக இருக்கிறது, இரண்டையும் கலந்து ஒரே அடியாக அடித்துவிடுங்கள் என்று நாங்கள் வாங்கும் கடையில் சொன்னார்கள்.

ஏழாம் வார்டு:

நான் அரசு மருத்துவமனையில் செவிலியர். பருத்தி சீசனில் இப்படி வருபவர்களைப் பார்த்துப் பார்த்து மனம் நொந்து போனதால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

தம்பி, உங்கள் மேல் தப்பு சொல்ல இதை எழுதவில்லை. வெயில் மயக்கம் என்று நினைப்பது எல்லா ஊரிலும் நடக்கிறது. புரோபனோபாஸ், அசிபேட், மோனோகுரோட்டோபாஸ் எல்லாம் ஒரே குடும்பம், ஆர்கனோபாஸ்பேட். நரம்பிலிருந்து தசைக்குச் சேதி போனதும் அந்தச் சேதியை அணைப்பதற்கு உடம்பில் ஒரு நொதி இருக்கிறது. இந்த மருந்துகள் அதை முடக்கிவிடும். சேதி அணையாமல் ஓடிக்கொண்டே இருக்கும். அதனால்தான் எச்சில் ஒழுகும், வியர்த்துக் கொட்டும், மூக்கு ஒழுகும், வயிறு போகும், சதை துடிக்கும், மூச்சுக்குழாயில் சளி நிரம்பும். கண்மணி குண்டூசி முனை அளவுக்குச் சுருங்கிவிடும். மருந்தடித்த ஆளுக்குக் கண் மங்கலாகத் தெரிகிறது என்றாலே டார்ச் அடித்துப் பாருங்கள். வெயில் மயக்கத்தில் பொதுவாக இப்படி எச்சில் ஒழுகாது, கண்மணி இந்த அளவுக்குச் சுருங்காது.

இனி யாருக்கும் இப்படி ஆனால், முதலில் சட்டை, லுங்கி, உள்ளாடை எல்லாவற்றையும் அங்கேயே கழற்றுங்கள். மருந்து நனைந்த துணியோடு கொண்டு வந்தால் வழியெல்லாம் தோல் வழியாக ஏறிக்கொண்டே இருக்கும். சோப்புப் போட்டு நிறையத் தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள். தலைமுடி, அக்குள், கவட்டி, நகக்கண் எதையும் விடக்கூடாது. கழுவுபவரும் கையுறை போட்டுக்கொள்ள வேண்டும். மோர், பால், உப்புத் தண்ணீர் எதுவும் கொடுக்காதீர்கள். மயக்கத்தில் இருப்பவருக்குப் புரையேறி நுரையீரலுக்குள் போய்விடும். மருந்தடித்துவிட்டு ஒரு டம்ளர் பால் குடித்தால் முறிந்துவிடும், வெல்லம் தின்றால் சரியாகிவிடும் என்பதெல்லாம் நம்பிக்கைதான். தோல் வழியாக உள்ளே போனதைப் பால் எப்படி முறிக்கும்?

108-க்குச் சொல்லிவிட்டு, டப்பாவை மறக்காமல் எடுத்து வாருங்கள். "வெள்ளை டப்பா மருந்துங்க, பேரு தெரியல" என்றால் எங்களுக்கு நேரம் வீணாகும். டெல்லி எய்ம்ஸில் உள்ள தேசிய நச்சுத் தகவல் மையத்தின் எண் 1800 116 117, கட்டணம் கிடையாது.

இன்னும் இரண்டு விஷயம். இந்த நஞ்சுக்கு மாற்றாகக் கொடுக்கும் அட்ரோபின் மருந்தை ஏற்றும்போது வாய் வறண்டு, முகம் சிவந்து, ஆள் பிதற்றுவார். நல்லா இருந்த ஆளைப் பைத்தியமாக்கிட்டாங்க என்று உறவினர்கள் பயந்து தூக்கிக்கொண்டு போக நினைப்பார்கள். போகாதீர்கள். முதல் நாள் தேறியவருக்கும் ஒன்றிலிருந்து நான்கு நாளுக்குள் கழுத்துத் தசை தளர்ந்து, தலையணையிலிருந்து தலையைத் தூக்க முடியாமல் போய், மூச்சே நிற்கலாம். எழுந்து உட்கார்ந்துவிட்டார் என்று கையெழுத்துப் போட்டுக் கூட்டிப் போன ஒருவரை மறுநாள் இரவு மறுபடி கொண்டு வந்தார்கள். அவரைக் காப்பாற்ற முடியவில்லை. இன்றைக்கும் அந்த மனைவியின் முகம் எனக்கு மறக்கவில்லை.

முக்கியமானது இது: உங்கள் அண்ணனை அடுத்த வாரம் அடிக்க விடாதீர்கள். அந்த நொதி பழைய அளவுக்கு வர வாரக்கணக்கில் ஆகும், சிலருக்கு மூன்று மாதம் வரைகூட ஆகும். அதற்குள் மறுபடி அடித்தால், போன தடவை எட்டு டேங்கில் வந்தது இந்தத் தடவை இரண்டு டேங்கிலேயே வரலாம். கையுறை போட்டாலும் வேண்டாம்.

கரிசல்காடு:

இது எனக்குத் தெரியவே தெரியாது அக்கா. டிஸ்சார்ஜ் ஆகும்போது ரெஸ்ட் எடுங்கள் என்று மட்டும்தான் சொன்னார்கள். நல்லவேளை இங்கே கேட்டேன். ஆனால் மூன்று மாதம் மருந்தடிக்கவில்லை என்றால் அவர் வீட்டில் அடுப்பு எப்படி எரியும் என்பதும் தெரியவில்லை.

நாட்டுவிதை:

விஷத்தை அடித்துக்கொண்டே கவசத்தைப் பற்றிப் பேசுவதே தப்பு. பூச்சிமருந்தை விடுங்கள். இயற்கைக்கு வாருங்கள். வேறு வழி கிடையாது.

டேங்குக்காரன்:

நான் மருந்தடிக்கிறவன். அரியலூர் மாவட்டம். பதினாலு வருடமாக இதுதான் தொழில். இந்த இழையில் எல்லோரும் எங்களைப் பற்றிப் பேசுகிறார்கள், எங்களில் ஒருவனும் பேசவில்லை. அதனால் எழுதுகிறேன்.

கரிசல்காடு அண்ணா, நீங்கள் நல்ல மனதோடு வாங்கிக் கொடுத்திருக்கிறீர்கள். ஆயிரத்து நானூறு ரூபாய் செலவு செய்யும் நிலத்துக்காரரை நான் பார்த்ததில்லை. ஆனால் உங்கள் அண்ணன் ஏன் போடவில்லை என்று சொல்கிறேன். அவருக்குக் கூலி எப்படிக் கொடுக்கிறீர்கள்? டேங்குக் கணக்குத்தானே? எங்கள் பக்கம் டேங்குக்கு ஐம்பது ரூபாய். காலை ஆறு மணிக்கு ஆரம்பித்தால் பதினொரு மணிக்குள் பதினைந்து, பதினாறு டேங்கு அடிப்பேன். ரெயின்கோட்டும் பூட்ஸும் போட்டு ஒரு நாள் அடித்துப் பார்த்தேன். கரிசல் மண் பூட்ஸில் அப்பி ஒரு காலுக்கு ஒரு கிலோ கூடுதல் பாரம். எட்டரை மணிக்கு மேல் கோட்டுக்குள் வெந்து போனேன். கண்ணாடியில் ஆவி படிந்து வரிசை தெரியவில்லை. ஒன்பது டேங்குதான் முடிந்தது. ஆறு டேங்கு காசு, முந்நூறு ரூபாய் போச்சு. அந்த முந்நூறு ரூபாய் யார் தருவார்கள்? கோட்டுக்கு நீங்கள் காசு கொடுத்தீர்கள். கோட்டுப் போட்டதால் நான் இழந்த காசுக்கு யார் கணக்கு?

நாங்கள் விவரம் தெரியாமல் அடிக்கிறோம் என்று நினைக்க வேண்டாம். முதுகில் டேங்கு ஒழுகினால் எரிவது எங்களுக்குத்தான் தெரியும். சைபர்மெத்ரின் பட்ட முகம் ராத்திரியெல்லாம் மிளகாய் அரைத்துப் பூசியது போல இருக்கும். அன்றைக்கு என் பிள்ளையைத் தூக்கமாட்டேன். மருந்து நாற்றம் தாங்காமல் சாயங்காலம் குடிக்கப் போகிறவர்கள் எத்தனை பேர் தெரியுமா? எங்கள் அப்பாவும் அப்படித்தான் ஆனார்.

டேங்குக் கணக்கை மாற்றாமல் கையுறை கொடுத்தால் அது திண்ணையில்தான் கிடக்கும். நாட்டுவிதை ஐயாவுக்கு ஒன்று. நிலம் இருப்பவர் இயற்கைக்கு மாறலாம். என்ன அடிக்க வேண்டும் என்று முடிவெடுப்பது நான் இல்லை. கொடுத்த டப்பாவை ஊற்றி அடிப்பவன் நான்.

கரிசல்காடு:

தம்பி, உங்கள் பதிவை இரண்டு தடவை படித்தேன். ஆமாம், டேங்குக் கணக்குத்தான். பத்து வருடத்தில் ஒரு நாளும் இதை இப்படி யோசித்ததில்லை. அண்ணனும் வாய்விட்டுச் சொல்லவில்லை.

கடைத்தெரு:

டேங்குக்காரன் தம்பி சொல்வது நியாயம். ஆனால் நாள் கூலி என்று வைத்தால் ஆள் ஆற அமர அடிப்பான், ஒரு நாள் வேலை இரண்டு நாள் ஆகும் என்று நிலத்துக்காரர்கள் பயப்படுவதும் உண்மை. நான் இரண்டு பக்கமும் பழகுபவன்.

வயல்மாணவன்:

ஆற அமர அடித்தால்தான் இலை நனையும் ஐயா. வேகமாக ஓடிக்கொண்டே அடிக்கும்போது பாதி மருந்து மண்ணிலும் காற்றிலும் போகிறது. பூச்சி சாகவில்லை என்று பத்து நாளில் மறுபடி வாங்க வருகிறார்கள். டேங்குக் கணக்கில் நிலத்துக்காரருக்கும் நட்டம்தான்.

நான் வேளாண்மை படித்தவன், இப்போது விரிவாக்கப் பணியில் இருக்கிறேன். 2017-இல் மகாராஷ்டிரத்தின் யவத்மால் மாவட்டத்தில் பருத்திக்கு மருந்தடித்தே 20-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள், நூற்றுக்கணக்கானோர் மருத்துவமனைக்குப் போனார்கள். அதே பருவத்தில் நம் பெரம்பலூரிலும் உயிர்கள் போயின. யவத்மாலில் அந்த வருடம் செடி ஆள் உயரத்துக்கு வளர்ந்திருந்தது. இடுப்புயரச் செடிக்குக் கீழ்நோக்கி அடிப்பது வேறு, முகத்துக்கு நேரே அடிப்பது வேறு. பனி போலப் பிரிக்கும் விசைத்தெளிப்பான்கள், இரண்டு மூன்று மருந்தைக் கலந்து அடித்தது எல்லாம் சேர்ந்துகொண்டது. அப்போதும் முதலில் வந்த பேச்சு, கூலிகள் கவசம் போடவில்லை என்பதுதான்.

சட்டத்தில் எல்லாம் இருக்கிறது. 1968-ஆம் ஆண்டுப் பூச்சிக்கொல்லிச் சட்டம், அதன் கீழ் 1971-ஆம் ஆண்டு விதிகள். பாதுகாப்பு உடை வேண்டும், முன்கைப் பாதி வரை வரும் கையுறை வேண்டும், கண்ணாடி வேண்டும், பூட்ஸ் வேண்டும், மூச்சுக்கவசம் வேண்டும், பயிற்சி வேண்டும் என்று ஒவ்வொன்றாக எழுதியிருக்கிறார்கள். ஆர்கனோபாஸ்பேட் தயாரிக்கும் ஆலைகளில் வேலை செய்பவருக்கு மாதம் ஒருமுறை ரத்தத்தில் அந்த நொதியின் அளவைப் பார்க்க வேண்டும் என்றுகூட இருக்கிறது, செவிலியர் அக்கா சொன்ன அதே நொதி. வயலில் மருந்தடிக்கும் ஒரு கூலித் தொழிலாளிக்கு அந்தப் பரிசோதனை நடந்து நான் பார்த்ததே இல்லை.

உணவு வேளாண் அமைப்பும் உலக சுகாதார நிறுவனமும் சேர்ந்து வெளியிட்ட பூச்சிக்கொல்லி மேலாண்மை நடத்தை நெறியில் ஒரு வரி உண்டு. உடுத்தச் சிரமமான, விலை கூடிய, எளிதில் கிடைக்காத கவசம் இருந்தால்தான் அடிக்க முடியும் என்ற மருந்துகளை வெப்பநாட்டுச் சிறு விவசாயிகளும் பண்ணைத் தொழிலாளர்களும் பயன்படுத்தும் நிலையே வரக்கூடாது என்பது அதன் பொருள். கவசம் போடாதது யார் தப்பு என்று கேட்பதற்கு முன்னால், கவசம் இல்லாமல் தொடவே கூடாத மருந்து 38 டிகிரி வெயிலில் வேலை செய்பவர் கைக்கு எப்படி வந்தது என்று கேட்க வேண்டும். மோனோகுரோட்டோபாஸைக் காய்கறிக்கு அடிக்கக் கூடாது என்று 2005-இலேயே தடை வந்தது. 2013-இல் பீகாரின் சரண் மாவட்டத்தில் பள்ளி மதிய உணவில் அது கலந்து 23 குழந்தைகள் இறந்தார்கள். பருத்தி உட்பட மற்ற பயிர்களுக்கு வரும் 36 சதவீதத் திரவத்தையும் நிறுத்த உத்தரவு வர 2023 ஆனது.

சரி, கையில் இருக்கும் வேலைக்கு வருகிறேன். எல்லாக் கவசமும் போட முடியாது என்றால் எதை விடவே கூடாது?

கலக்கும் நேரம்தான் மிக ஆபத்து. லிட்டருக்கு 2 மில்லி கலக்கிறோம் என்றால் டப்பாவில் இருப்பது டேங்கில் இருப்பதைவிட 500 மடங்கு அடர்த்தி. கலக்க ஐந்து நிமிடம்தான். அந்த ஐந்து நிமிடம் கையுறையும் கண்ணாடியும் கட்டாயம் போடலாம், டேங்குக் கணக்கு கெடாது. கையை விட்டுக் கலக்கவே கூடாது, குச்சி போதும். கையுறை தடிமனான நைட்ரைலாக இருக்கட்டும். டாக்டர்கள் போடும் மெல்லிய உறை கரைப்பானில் சீக்கிரம் விட்டுப்போகும். துணிக் கையுறை அதைவிட மோசம், மருந்தை உறிஞ்சிக்கொண்டு கையோடு ஒட்டிக் கிடக்கும். கழற்றுவதற்கு முன்னால் கையுறையோடே சோப்புப் போட்டுக் கழுவிவிட வேண்டும்.

அடுத்தது கால். குழலை முன்னால் நீட்டிக்கொண்டு அடித்த செடிக்குள்ளேயே நடப்பதால் தொடையும் முழங்காலும்தான் அதிகம் நனையும். உரச்சாக்குக்குள் வரும் பாலித்தீன் உறையை வெட்டி இடுப்பிலிருந்து கணுக்கால் வரை கட்டிக்கொள்ளலாம். இன்னொன்றை முதுகுக்கும் டேங்குக்கும் நடுவில் போடலாம். ரெயின்கோட் அளவுக்கு வேகாது. புது உறையாகவோ நன்றாகக் கழுவியதாகவோ இருக்கட்டும். காற்றுக்குக் குறுக்காக நடந்து, காற்று போகும் பக்கம் அடித்து, அடிக்காத வரிசைக்குள் நகர்ந்துகொண்டே போனால் பாதி நனைவது குறையும்.

இது ஏன் முக்கியம் என்றால் தோல் எல்லா இடத்திலும் ஒன்று கிடையாது. பாரத்தியான் என்ற பூச்சிக்கொல்லியை வைத்து 1971-இல் வெளிவந்த ஓர் ஆய்வில், முன்கையில் பட்டதில் ஏறக்குறைய 9 சதவீதம் உள்ளே போனது, உச்சந்தலையில் 32 சதவீதம், விதைப்பையில் பட்டது ஏறக்குறைய முழுவதும் போய்விட்டது. நம் ஆட்கள் லுங்கியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு, நனைந்த உள்ளாடையோடு ஐந்து மணி நேரம் நிற்கிறார்கள். முகமூடியை மட்டும் பற்றி எல்லோரும் பேசுகிறோம். மூக்கைவிடத் தோல்தான் வயலில் பெரிய வாசல். துண்டை மூக்கில் கட்டுவது பெரிய திவலையைத் தடுக்கும், ஆவியைத் தடுக்காது. நனைந்துவிட்டால் அந்தத் துண்டே மருந்துப் பொட்டலம் ஆகிவிடும். ஆவிக்குக் கரி வடிகட்டி வைத்த மூச்சுக்கவசம்தான் சரி.

தேங்காய் எண்ணெய் பூசிக்கொண்டால் மருந்து ஏறாது என்பதையும் கேட்டிருக்கிறேன். தண்ணீரில் ஊற்றினால் பால் போல வெளுக்கும் மருந்தெல்லாம் எண்ணெய்த் தன்மையுள்ள கரைப்பானில் கரைத்து வைத்தவை. எண்ணெய் அவற்றுக்குத் தடை இல்லை.

டேங்குக்காரன்:

பாலித்தீன் கட்டுவது நடக்கும். நாளைக்கே செய்து பார்க்கிறேன். கலக்கும்போது மட்டும் கையுறை என்பதும் சரி. இதுவரை யாரும் எங்களிடம் இப்படிப் பிரித்துச் சொல்லவில்லை. எல்லாம் போடு, இல்லாவிட்டால் சாவு என்றுதான் கூட்டத்தில் சொல்வார்கள்.

ஒன்றைச் சேர்க்க வேண்டும். குழல் நுனியில் இருக்கும் நாசில் அடைத்தால் வாயில் வைத்து ஊதுகிறோம். எல்லோரும் செய்வோம். தம்பிமாரே, அதை விடுங்கள். இரண்டு நாசில் கூடுதலாகப் பையில் வைத்துக்கொண்டு மாற்றிக்கொள்ளுங்கள். அடைத்ததைப் பழைய பல் துலக்கும் பிரஷால் தேய்க்கலாம். ஊசி போட்டுக் குத்தினால் துளை பெரிதாகி மருந்து வீணாகும். நிலத்துக்காரர்கள் கையுறைக்கு முன்னால் டேங்கு மூடி வாஷரை மாற்றிக் கொடுங்கள். ஒழுகாத டேங்குதான் முதல் கவசம்.

நிலக்கோட்டை மல்லி:

அண்ணன்மாரே, மருந்தடிப்பவரைப் பற்றி மட்டும் பேசுகிறீர்கள். எங்கள் பக்கம் மல்லிகைத் தோட்டத்தில் சாயங்காலம் மருந்தடித்துவிட்டு, விடிகாலை மூன்று நான்கு மணிக்கு எங்களைப் பூ எடுக்கக் கூப்பிடுவார்கள். மொட்டாக எடுத்தால்தான் விலை. பனியும் மருந்தும் சேர்ந்து இலை நனைந்திருக்கும். தலையில் டார்ச் கட்டிக்கொண்டு வெறும் கையால் ஒவ்வொரு மொட்டாகக் கிள்ளுகிறோம். கையுறை போட்டால் மொட்டு கைக்கு அகப்படாது. எங்களுக்கு எந்தக் கவசமும் பொருந்தாது. எங்களுக்கு வேண்டியது அடித்த பிறகு எத்தனை நாள் தோட்டத்துக்குள் இறங்கக் கூடாது என்ற கணக்கு. அது டப்பாவில் இருக்கிறதோ என்னவோ, எங்களிடம் யாரும் சொல்வதில்லை. விரல் நுனியெல்லாம் தோல் உரிந்து கிடக்கும், அந்தக் கையாலேயே சோறு பிசைந்து பிள்ளைக்கு ஊட்டுகிறோம்.

இன்னொன்று. அவர் அடித்துவிட்டு வந்து கழற்றிப் போடும் சட்டையைத் துவைப்பது யார்? கைக்குழந்தையோடு இருக்கும்போது நான் எல்லாத் துணியையும் ஒன்றாக ஊறவைத்திருக்கிறேன். ஒருவரும் சொல்லித் தரவில்லை.

ஏழாம் வார்டு:

மல்லி, கேட்கவே கஷ்டமாக இருக்கிறது. மருந்துத் துணியைத் தனி வாளியில், கையுறை போட்டு, சோப்புத் தூள் நிறையப் போட்டு இரண்டு தடவை அலசுங்கள். வெயிலில் காயவைத்துத் தனியாக வையுங்கள். கர்ப்பிணியும் பால் கொடுப்பவரும் அதைத் தொடவே வேண்டாம். முடிந்தால் அவரே வயலில் ஒரு தடவை அலசிவிட்டு வரட்டும், கிணற்றிலும் வாய்க்காலிலும் இல்லாமல்.

ஏலமலை:

நான் போடி. ஜீப்பில் தினமும் இடுக்கி ஏலத்தோட்டத்துக்குப் போகிறோம். அங்கே முதுகு டேங்கு கிடையாது, என்ஜின் வைத்து நீளமான ஓஸில் அடிப்பது. ஏலச்செடி தலைக்கு மேல் நிற்கும். அடிப்பவருக்காவது சில எஸ்டேட்டில் கோட்டும் கண்ணாடியும் உண்டு. ஓஸ் இழுப்பவருக்கு எதுவும் இல்லை. அவரும் அதே தூறலில்தான் நிற்கிறார், ஈர மண்ணில் ஓஸைக் கையால் இழுக்கிறார். அவரையும் கணக்கில் சேருங்கள்.

வன்னிமண்:

கிளிநொச்சியிலிருந்து எழுதுகிறேன். இங்கும் மிளகாய்த் தோட்டத்தில் கையுறை பாவிப்பவர்கள் குறைவுதான். ஆனால் இலங்கையில் கொடிய முதலாம் வகுப்பு நஞ்சுகளை 1995-இலேயே நிறுத்திவிட்டார்கள். 2008-இலிருந்து 2011-க்குள் பராகுவாட், டைமெத்தோயேட், பென்தியோன் என்ற மூன்று மருந்துகளும் கட்டம் கட்டமாக நிறுத்தப்பட்டன. நஞ்சு குடித்துச் சாவோரின் தொகை அதன்பிறகு பெரிதாகக் குறைந்தது. விளைச்சல் அதனால் விழுந்ததாகத் தெரியவில்லை. கடையில் இல்லாத மருந்துக்குக் கவசம் தேவையில்லை.

நாட்டுவிதை:

முதலில் நான் எழுதியது அவசரம். டேங்குக்காரன் தம்பி மன்னிக்க வேண்டும். நான் மாற ஐந்து வருடம் ஆனது, அந்த ஐந்து வருடமும் என் காட்டில் ஒருவர் மருந்தடித்துக்கொண்டுதான் இருந்தார். கரிசல்காடு, உடனே முழுக்க மாற வேண்டாம். ஆண் பூச்சியை வாசனையால் இழுத்துப் பிடிக்கும் இனக்கவர்ச்சிப் பொறியும் மஞ்சள் ஒட்டும் அட்டையும் வைத்து, எத்தனை பூச்சி விழுகிறது என்று எண்ணிப் பார்த்து, அடிக்க வேண்டிய அளவு வந்தால் மட்டும் அடியுங்கள். எனக்கு முதல் வருடமே ஏழு தடவை அடிப்பது மூன்றானது. நாலு தடவை அடிக்காமல் விட்டதைவிட நல்ல கவசம் எந்தக் கடையிலும் இல்லை.

கடைத்தெரு:

ட்ரோன் வந்துவிட்டதே, அதைப் பற்றி யாரும் சொல்லவில்லையே? ஏக்கருக்குப் பத்து நிமிடம்கூட ஆவதில்லை. ஆள் வயலுக்குள்ளேயே போக வேண்டாம். பெங்களூரு ஆராய்ச்சி நிலையம் ஒன்று 2024 டிசம்பரில் கிசான் கவச் என்று ஓர் உடை வெளியிட்டது. துணியே மருந்தை முறித்துவிடுமாம், துவைத்துத் துவைத்துப் போடலாம். அப்போது சொன்ன விலை நாலாயிரம் ரூபாய்.

வயல்மாணவன்:

இரண்டும் நல்லதுதான் ஐயா. ட்ரோனில் ஏக்கருக்குப் பத்து லிட்டர் தண்ணீர்தான், அதனால் கரைசல் பல மடங்கு அடர்த்தியாக இருக்கும். வரப்பில் நின்று அதை ஊற்றிக் கலப்பவர் ஒரு மனிதர். அவருக்குக் கையுறையும் கண்ணாடியும் முன்பைவிட அதிகம் தேவை. கிசான் கவச் துணியில் பட்ட ஆர்கனோபாஸ்பேட்டைச் சிதைக்கிறது, தடுப்பதோடு நிற்கவில்லை. அது பெரிய முன்னேற்றம். ஆனால் நாலாயிரம் ரூபாய் என்பது டேங்குக்காரன் தம்பிக்கு எண்பது டேங்கு. அவர் வாங்கமாட்டார், வாங்கவும் கூடாது. ஊருக்குப் பத்து செட் வாங்கி, உழவர் குழுவோ கூட்டுறவுச் சங்கமோ வைத்திருந்து, உழவு வண்டியை வாடகைக்கு விடுவது போல விடலாம்.

கரிசல்காடு:

பத்து நாள் கழித்து எழுதுகிறேன். அண்ணனைப் போய்ப் பார்த்தேன். செவிலியர் அக்கா சொன்ன நொதிக் கணக்கை எனக்குத் தெரிந்த மாதிரி சொன்னேன். கேட்டுக்கொண்டிருந்தவர் கடைசியில், "எனக்கு ரெண்டு வருசமாவே அடிச்ச அன்னைக்குக் கண்ணு மங்கும் தம்பி, சொன்னா வேற ஆளப் பாத்துடுவீங்கன்னு சொல்லல" என்றார். எனக்கு அங்கே உட்கார முடியவில்லை.

தை வரைக்கும் அவர் மருந்தைத் தொட வேண்டாம் என்று முடிவு செய்தோம். காட்டில் பொறி வைப்பது, பூச்சி எண்ணுவது, பருத்தி எடைபோடுவது எல்லாம் அவர் பொறுப்பு. நாள் கூலி, மருந்தடித்தால் கிடைக்கும் அதே அளவு. பக்கத்துக் காட்டுக்காரர்கள் மூன்று பேரிடம் பேசினேன். ஒருவர் ஒத்துக்கொண்டார், இரண்டு பேர் பார்க்கலாம் என்றார்கள். இந்தத் தடவை அடிக்க வந்த பையனுக்கு டேங்குக் கணக்கு இல்லை. காலை ஆறிலிருந்து ஒன்பதரை வரை, முழு நாள் கூலி. கையுறையும் கண்ணாடியும் போட்டுக்கொண்டு கலக்கினான், பாலித்தீன் கட்டிக்கொண்டான், பூட்ஸைக் கழற்றிவிட்டான். ஈரக் கரிசலில் அது நடக்காது என்பது எனக்கும் புரிந்துவிட்டது. கலவை மருந்து வாங்கவில்லை. வீட்டிலிருந்து ஒரு சோப்பும் ஒரு குடம் தண்ணீரும் மாற்றுத் துணியும் வரப்பிலேயே கொண்டு வைத்தார்கள்.

இரண்டரை ஏக்கருக்கு இரண்டு காலை ஆனது. கூலி முன்பைவிட நானூறு ரூபாய் கூடுதல், கலவை வாங்காததால் மருந்துச் செலவு அதைவிடக் குறைந்தது.

ஒரு சந்தேகம். பூட்ஸுக்குப் பதில் காலுக்கு என்ன போடலாம்? வெறுங்காலோடு நிற்பதைப் பார்க்க மனம் கேட்கவில்லை.

டேங்குக்காரன்:

அண்ணா, நடவுக்குப் போகும் பெண்கள் போடும் ரப்பர் சாக்ஸ் மாதிரி ஒன்று வருகிறது, முழங்கால் வரை ஏறும், அடிப்பாகம் மெல்லிசு. கரிசலில் அவ்வளவாக அப்பாது. நான் இரண்டு நாளாகப் போட்டு அடிக்கிறேன், பாலித்தீனை அதற்கு வெளியே விட்டுக் கட்டினால் மருந்து உள்ளே இறங்கவில்லை. ஒரு பருவம் தாங்குமா என்று மாசி கடைசியில் சொல்கிறேன். அண்ணனுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள்.